நாலு பேர் முறை வைத்துத் துலக்கிய பல்

எங்கள் நாலு பேருக்கும் மூளை கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். மூளை இருக்கிறது. கிணறு மாதிரி அதுவும் எங்களுக்குப் பங்குதான். அன்றன்றைக்கு யாருடைய முறை என்பதில்தான் கொஞ்சம் குழப்பம் வந்துவிடும்.

கிணற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒத்தப்பனங்காட்டில் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஆளுக்கு ஒரு நாள் முறை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் போய் மோட்டாரைப் போடுவான். ஆனால் தண்ணீர் காய்ச்சல்காரன் தோட்டத்துக்குத்தான் பாயும். யார் கை சுவிட்சைத் தொட்டது என்பது வாழைக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டதும், தனக்காகப் போட்டவனுக்கு அவன் ஒரு நாள் மோட்டாரைப் போட்டு வாங்கிய முறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இதுவரை சண்டை வந்ததில்லை. அதனால் உலகத்தில் உள்ள மற்ற வேலைகளையும் இதே மாதிரி செய்துவிடலாம் என்று நம்பியிருந்தோம்.

நாலு பேரில் மூத்தவர் பலவேசம் அண்ணாச்சி. எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு தடவை கனைப்பார். அந்தக் கனைப்பைக் கேட்டே பாதிப் பேர் அவரை அறிவாளி என்று முடிவு செய்துவிடுவார்கள். அடுத்தவர் கொம்பையா அண்ணன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவர், ஆகவே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு படித்தவர். மூன்றாவது சங்கிலி, என் வயசுக்காரன். முதலில் செய்துவிட்டு அப்புறம் எதற்கு என்று கேட்பான். நாலாவது ஆவுடையப்பனாகிய நான். என்னைப் பற்றிச் சொல்ல என் பற்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

என் மேல்வரிசைப் பற்கள் ஒரு இடத்துக்கு நான் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். மழை பெய்தால் முதலில் நனைவது அவைதான். அதனால் இருபத்தொன்பது வருஷமாக நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன். போனில் பேசும்போதும் பொத்திக்கொண்டுதான் பேசுவேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஆனி மாசம் பெண் நிச்சயமானது. பெயர் உலகம்மாள். உலகு என்று கூப்பிடுவார்கள். பக்கத்து ஊர். அவள் அப்பாவுக்கும் ஒரு கிணற்றில் ஆறில் ஒரு பங்கு உண்டு. தை மாசம் கல்யாணம். உலகு போனில் பேசினால் வேடிக்கையாகப் பேசுவாள். நான் பொத்திய கைக்குள்ளேயே சிரித்து முடித்துக்கொள்வேன்.

"உங்க சிரிப்பு ஏன் தலையணைக்குள்ள இருந்து வாற மாதிரி வருது? கல்யாணப் போட்டோவுலயாவது வாய் விட்டுச் சிரிப்பியளா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சிரிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண் முதல்முதலாக என்னிடம் கேட்ட காரியம் அது. அதற்காக என்னவும் செய்யலாம் என்று இருந்தது.

டவுனில் பல் டாக்டர் ஜெசிந்தாவிடம் போனோம். நாலு பேரும்தான் போனோம். டாக்டரம்மா என் வாயைப் பார்த்துவிட்டு, முழுசாகச் சரியாக ஒன்றரை வருஷம் ஆகும், ஆனால் தை மாசத்துக்குள் முன்பல் கூச்சமில்லாமல் சிரிக்கிற அளவுக்கு உள்ளே வந்துவிடும் என்றார். கம்பி மாட்டினார். மாட்டி முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"கம்பி போட்டா ஈறுதான் முக்கியம். கம்பியில சாப்பாடு மாட்டிக்கிட்டு அழுகினா ஈறு வீங்கிடும். தினம் நாலு வேளை துலக்கணும், ஒவ்வொரு வேளையும் பத்து நிமிஷம். பிரஷ்ஷைச் சாய்ச்சுப் பிடிச்சு, பல்லும் ஈறும் சேர்ற இடத்துல மெதுவாத் தேய்க்கணும். கம்பி இடுக்குல நுழைய இந்தக் குட்டி பிரஷ். வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிக்கணும். எதைச் சாப்பிட்டாலும் சின்னச் சின்னதா வெட்டித்தான் சாப்பிடணும். ஒரு மாசம் கழிச்சு வாங்க."

ஒரு வார்த்தையும் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. வழியில் கொஞ்சம் சிந்தியிருந்தால் பிழைத்திருப்பேன்.

மறுநாள் காலையில் இட்லி. சங்கிலி வாழை வெட்டுகிற அரிவாளோடு வந்து உட்கார்ந்தான். ஒரு இட்லியை முப்பத்திரண்டாக வெட்டினான், பல்லுக்கு ஒன்று. அதுவரைக்கும் பிரச்சினை இல்லை. பிறகு என் அம்மா சாம்பார் ஊற்றினாள். மூன்று பேரும் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"எதைச் சாப்பிட்டாலும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. எதைன்னா சாம்பாரும் அதுல வரும்" என்றார் கொம்பையா அண்ணன்.

"வெட்டுனா சேந்துக்கிடுதேண்ணே" என்றான் சங்கிலி. அதற்குள் நாலைந்து வெட்டு வெட்டிப் பார்த்திருந்தான்.

பலவேசம் அண்ணாச்சி கனைத்தார். "ஓடுறதை ஓடவிட்டு வெட்டுனா எப்படில வெட்டுப்படும்? வாய்க்காலை மடை கட்டித்தான மறிக்கோம்? அதே மாதிரி மறிச்சுக்கிட்டு வெட்டு."

இட்லித் துண்டுகளை வைத்து இலையில் வரப்புக் கட்டினோம். சாம்பாரை எட்டுப் பாத்தியாகப் பிரித்தோம். அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். பத்து மணிக்குத்தான் எனக்குக் காலைச் சாப்பாடு முடிந்தது.

அடுத்து துலக்குவது. பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று சொன்னாரே தவிர, எப்படிச் சாய்ப்பது என்று டாக்டரம்மா சொல்லவில்லை.

"நிமிந்து நிக்கிறவன் கையில இருக்கிற பிரஷ்ஷு எப்படிவே சாயும்? ஆளைச் சாய்ச்சா பிரஷ்ஷு தானாச் சாயும்" என்றார் கொம்பையா அண்ணன்.

இரண்டு தடவை படித்தவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? கிணற்று மேட்டில் ஒரு தென்னை சாய்ந்து நிற்கிறது. என்னைக் கொண்டுபோய் அதில் சாய்த்து, வழுக்கிவிடாமல் இடுப்பில் துண்டைக் கட்டினார்கள். நான் துலக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிரஷ்ஷு சாஞ்சுட்டு, சரி. வாயும்லா கூடச் சாஞ்சு கிடக்கு. ரெண்டும் சேந்து சாஞ்சா ரெண்டும் நேராத்தான இருக்குன்னு அர்த்தம்?"

எல்லாருக்கும் அது உறைத்தது. எனக்கும் உறைத்தது என்பதைத்தான் இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். கடைசியில் உடம்பு தென்னையில் சாய்ந்திருக்க, சங்கிலி என் தலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தி வைத்தான். மூன்றாம் நாள் என் கழுத்து பிடித்துக்கொண்டது. உடம்பு ஒரு பக்கமும் முகம் ஒரு பக்கமுமாகத் தோட்டத்தில் நடந்தேன். கழுத்து சரியாகிறவரை துலக்க வேண்டாம் என்று அம்மா கத்தினாள்.

அப்போதுதான் பலவேசம் அண்ணாச்சிக்கு அந்த யோசனை வந்தது. அன்றைக்கு மூளை அவர் முறை போலிருக்கிறது.

"ஏல, நாலு வேளை. நாம நாலு பேரு. டாக்டரம்மா நம்மளைப் பாத்துட்டுத்தாம்ல சொல்லிருக்காங்க. இல்லைன்னா மூணு வேளைன்னு சொல்லிருப்பாங்கள்ல?"

நாலு பேரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். அவ்வளவு பொருத்தமாக இருந்தது. காலையில் அண்ணாச்சி, மத்தியானம் கொம்பையா அண்ணன், சாயந்திரம் சங்கிலி, ராத்திரி நான் என்று முறை பிரித்தோம். ஆளுக்கு ஒரு பிரஷ் வாங்கினோம். அவரவர் முறை வந்ததும் அவரவர் பல்லைப் பத்து நிமிஷம், மெதுவாக, இடுக்கு இடுக்காகத் துலக்கினோம். உப்புத் தண்ணீரும் அதே முறைதான். என் முறைக்கு எனக்குக் கழுத்து வலி என்பதால் அதையும் சங்கிலி எடுத்துக்கொண்டான். நல்ல மனசுக்காரன்.

இது உங்களுக்குத் தப்பாகத் தெரியலாம். எனக்கு அப்போது தெரியவில்லை. யார் மோட்டாரைப் போட்டாலும் தண்ணீர் வாழைக்குப் போய்ச் சேருகிறது. நான் அந்தத் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருந்த வாழை. நிம்மதியாக முறுக்குகூடச் சாப்பிட்டேன், வெட்டித்தான்.

பத்து நாளில் ஈறு சிவந்தது. பதினைந்து நாளில் வீங்கிக் கம்பி மேல் ஏறி உட்கார்ந்தது. வாயைக் கொப்பளித்தால் ரத்தம் வந்தது. உலகு போன் செய்தால் ஆமா, இல்லை என்று இரண்டு வார்த்தையில் முடித்தேன். "என் மேல எதுவும் கோவமா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு பேரும் கிணற்று மேட்டில் கூடினோம்.

"பாய்ச்சுற தண்ணி எல்லாம் பாய்ச்சியாச்சு. தோட்டத்துக்குத் தண்ணி வரலைன்னா என்ன அர்த்தம்?" என்றார் அண்ணாச்சி.

"வழியில எங்கயோ உடைப்பு எடுத்திருக்கு" என்றார் கொம்பையா அண்ணன்.

"அப்ப உடைப்பைத் தேடுங்க" என்றார் அண்ணாச்சி.

ஒவ்வொருவர் வாயாகத் திறந்து பார்த்தோம். அண்ணாச்சி வாயில் ஒன்றும் இல்லை. கொம்பையா அண்ணன் வாயில் ஒன்றும் இல்லை. சங்கிலிக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் கிடையாது, சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்தது.

"இங்கதாம்ல கசியுது!" என்று கூவினார் அண்ணாச்சி.

சங்கிலி அழாத குறை. "என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சா ஆவுடை?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான்தான் அவனைத் தேற்றினேன். அந்த ஓட்டையில் பஞ்சை வைத்து இறுக்கி அடைத்தோம். போன தண்ணீரை ஈடுகட்ட மூன்று பேரும் ஆளுக்கு நாலு வேளை துலக்க ஆரம்பித்தார்கள். என் ஈறு வீக்கம் அதற்கும் இறங்கவில்லை.

மாசம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனோம். என் வாயைத் திறந்ததும் அவர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன இது? ஒரு நாளாவது துலக்கினீங்களா?"

"தினம் நாலு வேளை துலக்குனோம் டாக்டரம்மா. கடைசிப் பத்து நாள் பன்னிரண்டு வேளை" என்றார் அண்ணாச்சி.

"துலக்குனோம்னா? எத்தனை பேர்?"

மூன்று பேரும் வரிசையாக நின்று ஈ என்று காட்டினார்கள். டாக்டரம்மா ஒவ்வொருவர் வாயிலும் விளக்கை அடித்துப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான ஈறைப் படித்த புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை என்றார். சங்கிலி வாயிலிருந்து பஞ்சை எடுத்து இது என்ன என்று கேட்டார். கொம்பையா அண்ணன் கிணற்றிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினார். டாக்டரம்மா சிரித்துச் சிரித்து, நோயாளி உட்காருகிற நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் மரியாதைக்கு நின்றுகொண்டிருந்தோம்.

சிரிப்பு நின்றதும் அவர் முகம் மாறியது. என் ஈறையும் பல்லையும் சுத்தம் செய்துவிட்டுச் சொன்னார். "ஆவுடையப்பன், இன்னும் ஒரே மாசம் பார்ப்பேன். ஈறு இப்படியே இருந்தா கம்பியைக் கழட்டிடுவேன். அப்புறம் தை மாசப் போட்டோவை மறந்துடுங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மற்ற மூவர் பக்கம் திரும்பினார்.

"இனிமே பல்லு துலக்குறது ஆவுடையப்பன் மட்டும்தான். அவர் வாயை, அவர் கையால. நீங்க மூணு பேரும் அவர் கிட்டவே வரக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுட்டு டாக்டரம்மா" என்றார்கள் மூன்று பேரும். புரிந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் என்ன புரிந்தது என்று இப்போது நான் திருப்பிக் கேட்டுவிடுகிறேன்.

வெளியே வந்ததும் கிட்ட என்றால் எவ்வளவு என்ற கேள்வி வந்தது.

"கிணத்துக் கயிறு முப்பது அடி. கயிறு எட்டுற வரைக்கும் கிட்ட. எட்டாட்டாத் தூரம்" என்றார் கொம்பையா அண்ணன்.

அன்றிலிருந்து முப்பது அடிக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்கள். பேச்செல்லாம் கூப்பாடாகத்தான். நான் நடந்தால் அவர்களும் அதே அளவு பின்னால் நகருவார்கள். டவுன் பஸ்ஸில் நான் ஏறினால் அவர்கள் அடுத்த பஸ்ஸில் வருவார்கள்.

கேட்க ஆள் இல்லாததால் நான் தனியாக, நிமிர்ந்து நின்று, என் பல்லை நானே துலக்கினேன். நாலு வேளையும் துலக்கினேன். முதல் வாரம் ரத்தம் வந்தது, விடவில்லை. குட்டி பிரஷ்ஷை ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுத்தேன். உப்புத் தண்ணீரை என் வாயிலேயே கொப்பளித்தேன். ஒரே மாசத்தில் வீக்கம் இறங்கி, ஈறு வெளுத்த ரோஜா நிறத்துக்கு வந்தது. டாக்டரம்மா முதுகில் தட்டிக்கொடுத்தார். கம்பி தப்பியது. மாசத்துக்கு மாசம் என் பற்கள் என்னோடு சேர்ந்து வர ஆரம்பித்தன.

தை வந்தது, கல்யாணமும் வந்தது. மூன்று பேரும் மண்டபத்தின் அடுத்த கோடியில், பந்தி வாசல் பக்கம் நின்றார்கள். தாலி கட்டும்போது முப்பது அடியிலிருந்து அட்சதை போட்டார்கள். சங்கிலி குருவிக்குக் கல் எறிகிறவன். அவன் வீசிய வேகத்தில் அரிசி மேளக்காரர் காதுக்குள் போய் விழுந்தது.

அழைப்பு வைத்திருந்ததால் டாக்டரம்மாவும் வந்திருந்தார். "ஏன் மூணு பேரும் அங்க நிக்கிறாங்க? ஏன் வாயில துண்டு?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஐந்து மாசமாக அவர்கள் முகத்தை நான் கிட்டத்தில் பார்த்ததே இல்லையே. அவர் போய்த் துண்டை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்று பேருக்கும் ஈறு வீங்கிச் செக்கச்செவேல் என்று இருந்தது.

"கடைசியா எப்போ துலக்கினீங்க?"

"ஆவணியில டாக்டரம்மா" என்றார் அண்ணாச்சி. "இனிமே துலக்குறது ஆவுடையப்பன் மட்டும்னு நீங்கதான சொன்னீய?"

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டார். நாளையிலிருந்து அவரவர் வாயை அவரவர் கையால் துலக்கச் சொல்லி, கிட்டப் போகவும் அனுமதி கொடுத்தார். மூன்று பேரும் மேடைக்கு ஓடிவந்து எனக்குப் பின்னால் நின்றார்கள்.

"எல்லாரும் சிரிங்க" என்றார் போட்டோக்காரர். சிரித்தார்கள். அவர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "பின்னால நிக்கிற மூணு பேரும் வாயை மூடிக்கங்க. மாப்பிள்ளை, நீங்க சிரிங்க."

நான் கையைக் கீழே விட்டேன். வாயைத் திறந்து, கம்பி எல்லாம் மின்ன, சத்தமாகச் சிரித்தேன். உலகு திரும்பி என் வாயையே பார்த்தாள். அவள் கண்ணில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தேன். இதற்காகத்தானே தென்னையில் கட்டிவைக்கப்பட்டேன்.

அப்போது பின்னால் பார்த்தேன். மூன்று பேரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இருபத்தொன்பது வருஷம் நான் நின்ற மாதிரியே. என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மாசம் எனக்காகத் துலக்கியவர்கள். வாங்கிய முறையை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நிறுத்தாதிய. இப்ப எடுத்தது என் பங்கு. இன்னும் மூணு பேர் பங்கு பாக்கி இருக்கு" என்றேன் போட்டோக்காரரிடம்.

ஒரு தடவை கனைத்துக்கொண்டு பலவேசம் அண்ணாச்சிக்காகச் சிரித்தேன். கொம்பையா அண்ணனுக்காக எல்லாச் சிரிப்பையும் இரண்டு தடவை சிரிக்க வேண்டியிருந்தது. பாதியில் உலகு என் முழங்கையைத் தொட்டாள்.

"ஏங்க, இது யாருக்காகச் சிரிக்கிய?"

கிணறு, முறை, டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யோசித்தாள். மண்டபமே அவளைப் பார்த்தது. பின்னால் அண்ணாச்சி, "போச்சு, பொண்ணு எந்திரிக்கப் போகுது" என்று துண்டுக்குள் முணுமுணுத்தார்.

"முறைன்னா திருப்பித்தான் ஆகணும்" என்றாள் உலகு. "ஆனா பந்தி ஆறிப் போகுதுல்லா? நீங்க கொம்பையா அண்ணன் பங்கை முடிங்க. சங்கிலி அண்ணன் பங்கை நான் சிரிச்சிருதேன்."

சொல்லிவிட்டு அவள் தலையைப் பின்னால் சாய்த்து மண்டபம் அதிரச் சிரிக்க ஆரம்பித்தாள். கேமரா மின்னிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னாலிருந்து சங்கிலி இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்:

"மைனி, கொஞ்சம் மெதுவாச் சிரிங்க. எனக்கு ஈறு வலிக்கி."